மெஷின் கொடுத்தீர்கள், மெக்கானிக் எங்கே?

'உங்கள் பழைய தையல் மெஷினைக் கொண்டு வாருங்கள்... புத்தம் புதியதை எடுத்துச் செல்லுங்கள்!'

ஆடி மாதம் பிறந்தால் போதும், காரைக்குடியில் காலைப் பேப்பருக்குள் இந்த நோட்டீஸும் சொருகிக்கொண்டு வந்துவிடும். மெஷின் ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம். துருப்பிடித்திருந்தாலும் கவலை இல்லையாம். கழித்துக்கொண்டு மிச்சப் பணத்தைத் தந்தால் போதுமாம்.

இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு இடிக்கிறது. தெருவில் வரும் பழைய இரும்பு, பேப்பர்காரரே நாலு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறார். ஓடாத மெஷினுக்கு ஒரு கடைக்காரர் ஏன் காசு தரவேண்டும்? அவருக்கென்ன வேண்டுதலா?

பதில் நேற்று இன்று வந்ததல்ல. 1856-லேயே இருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். 'ஹயர் பர்ச்சேஸ் அக்கவுன்ட்ஸ்' என்று ஒரு சமாசாரம் உண்டு. தவணையில் ஒரு பொருளை வாங்கினால் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதவேண்டும். பாதி வகுப்பை அழ வைத்த பாடம். கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, இந்தத் தவணை வியாபாரத்தை ஊர் ஊராகப் பரப்பியது யார் என்று சொல்லவே இல்லை. அது தையல் மெஷின்காரர்கள்! ஐசக் சிங்கர் 1851-ல் அமெரிக்காவில் தன் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் ஒரு வக்கீல். மெஷின் விலை 100 டாலருக்கு மேல். அன்றைய சாதாரணக் குடும்பம் அதைக் கனவில்கூட வாங்க முடியாது. கிளார்க் யோசித்தார். 1856-ல், கொஞ்சம் முன்பணம் கொடு, மெஷினைத் தூக்கிப் போ, மாதாமாதம் கட்டு என்றார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

இதுவரை நல்ல கதை. அதே கிளார்க் செய்த இன்னொரு வேலையைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய மெஷின் எதுவானாலும் கொண்டு வாருங்கள், 50 டாலர் கழித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார். வந்து குவிந்த மெஷின்களை என்ன செய்தார்கள்? ரிப்பேர் செய்து ஏழை வீடுகளுக்குக் கொடுத்தார்களா? உடைத்து நொறுக்கினார்கள். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் என்ற ஒன்று தலை தூக்கிவிடக் கூடாது அல்லவா!

இதற்குக் கால் நூற்றாண்டு முன்னால் பாரிஸில் இன்னொரு உடைப்பு நடந்தது. பார்த்தலேமி திமோனியே என்ற தையல்காரர், தான் கண்டுபிடித்த மெஷின்கள் சுமார் 80-ஐ வைத்து ராணுவத்துக்கு உடுப்பு தைத்துக்கொண்டிருந்தார். 1831-ல் ஊர்த் தையல்காரர்கள் திரண்டு வந்து அத்தனையையும் அடித்து நொறுக்கினார்கள். 'இது வந்தால் எங்கள் பிழைப்பு போச்சு' என்ற பயம். அவர்களை வரலாறு காட்டுமிராண்டிகள் என்று எழுதியது. லாபத்துக்காக உடைத்த கிளார்க்கை வியாபார மேதை என்று எழுதியது. வயிற்றுக்காக உடைத்தால் கலகம், லாபத்துக்காக உடைத்தால் மார்க்கெட்டிங்!

காரைக்குடிக்கு வருவோம்.

எங்கள் வீட்டு மெஷின் 1984-ல் வந்தது. கறுப்பு உடம்பு, தங்க நிறப் பூ வேலை, இரும்புக் கால், மிதித்து ஓட்டுவது. ஆத்தா தவணையில்தான் வாங்கியது. அப்பச்சி வேலை பார்த்த கடையை முதலாளி இழுத்து மூடிய வருஷம் அது. தீபாவளிக்கு முந்தின மாதம் முழுக்க, ராத்திரி பதினொரு மணி வரை அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம். அக்கம்பக்கத்து ஆச்சிமார்களின் ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை. என் பரீட்சை ஃபீஸில் பாதி அந்த ஊசி வழியாக வந்ததுதான்.

அந்த மெஷின் 2024-ல் முரண்டு பிடித்தது. சக்கரம் இறுகிப்போய்விட்டது. மீறி மிதித்தால் தையல் விட்டு விட்டு விழுந்தது. ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் மெஷினைப் பார்க்கக்கூட இல்லை.

"சார், இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வர்றதில்ல. செலவு பண்ணி ஏமாறாதீங்க. எக்ஸ்சேஞ்ச்ல ஆயிரம் ரூவா கழிச்சுத் தர்றேன்."

கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். பெயர் வேண்டாம், இருக்கிற கூட்டத்தையே அவரால் சமாளிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தார். சக்கரத்தை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, மோந்து பார்த்தார். ஆமாம், மோந்து!

"தேங்கா எண்ணெய் ஊத்துனியளா ஆச்சி?"

ஆத்தா சிரித்துவிட்டது. மெஷின் எண்ணெய் தீர்ந்துபோன அன்றைக்கு அடுப்படியில் இருந்ததை ஊற்றியிருக்கிறது. தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிடும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். தமிழ்நாட்டில் பாதி தையல் மெஷின்களுக்கு வந்திருக்கும் வியாதி இதுதான் என்றார் அண்ணன். மண்ணெண்ணெய் விட்டுப் பிசினைக் கரைத்தார். ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றினார். துணியைத் தள்ளும் பல்லுக்கு அடியில், நெற்றிப் பொட்டு அளவுக்கு அமுங்கிப் போன பஞ்சு. நாற்பது வருஷத்துத் துணிகளின் தூசி. பாபின் கேஸ் தேய்ந்திருந்தது, புதிது போட்டார். தோல் பெல்ட்டை மாற்றினார். ஒன்றரை மணி நேரம். கூலியும் சாமானும் சேர்த்து 650 ரூபாய்.

வராது என்று சொன்ன ஸ்பேர் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வீட்டுத் தையல் மெஷினில் மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதுதான் தையல். ஊசி கீழே போய் மேலே கிளம்பும் அந்த நொடியில் நூல் லேசாக வளையும். கீழே இருக்கும் கொக்கி அந்த வளையத்தைச் சரியாகப் பிடிக்கவேண்டும். ஒரு மயிரிழை முன்னே பின்னே போனால் தையல் விட்டுப்போகும். இந்தச் சூட்சுமம் நூற்றைம்பது வருஷமாக மாறவில்லை. பழைய சிங்கரின் ஒரு மாடலை உலகம் முழுக்கப் பார்த்துச் செய்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் அதையே பொது அளவாக வைத்து, ஒரு கம்பெனியின் பாகம் இன்னொரு கம்பெனி மெஷினுக்குப் பொருந்தும்படி செய்தார்கள். நம்மூரிலும் 1930-களில் கல்கத்தாவில் உஷா பிறந்தது. பிறகு லூதியானாவின் சின்னச் சின்னப் பட்டறைகள் கறுப்பு மெஷின்களை வார்த்துத் தள்ளின. ஊசியும் பாபினும் கேஸும் இன்றும் காரைக்குடி ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கிறதென்றால் இந்தப் பொது அளவுதான் காரணம். மெஷின் பல கம்பெனி, பாகம் ஒரே அளவு. எந்தக் கம்பெனியையும் நம்பி நிற்கவேண்டியதில்லை. கம்பெனிகளுக்குப் பிடிக்காததும் அதுவேதான்.

இப்போது கடையில் நிற்கும் பல மாடல்களைத் திறந்து பாருங்கள். திறக்க முடிந்தால்! பிளாஸ்டிக் மூடி, உள்ளே நைலான் பல்சக்கரம், சிலவற்றில் ஒரு சர்க்யூட் போர்டு. பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தால் ஒரு பல்லின் விலை இல்லை, மொத்த செட்டின் விலை. போர்டு போனால் 'கம்பெனிக்கு அனுப்பணும் மேடம்'. வாரண்டி முடிந்திருந்தால், 'இதுக்குப் புதுசே வாங்கிடலாம் மேடம்'. இரண்டு வாக்கியமும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. எங்கேயோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று இன்னொன்று உண்டு. வருமான வரிச் சட்டப்படி சாதாரண இயந்திரத்துக்கு வருஷம் 15 சதவீதம், அதுவும் மீதி மதிப்பின் மேல். 1984-ல் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாற்பது வருஷம் கழித்து எங்கள் மெஷினின் புத்தக மதிப்பு ஒன்றரை ரூபாய். அந்த ஒன்றரை ரூபாய் மெஷின் சரியான மறுவாரமே ஒரு ரவிக்கைக்கு 150 ரூபாய் சம்பாதித்தது. ஆடிட்டர்கள் மன்னிக்கவும்.

எங்கள் வீட்டுக் கதை இத்தோடு போகட்டும். எனக்குச் சம்பளம் வருகிறது, இந்த மெஷின் ஓடாவிட்டால் அடுப்பு அணையாது. அணைகிற வீடுகளைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தமிழக அரசின் சமூக நலத்துறையில் 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு மெஷின். நல்ல திட்டம். ஒரு பெண்ணுக்கு, அவள் பெயரிலேயே, அவள் வீட்டுக்குள்ளேயே ஒரு தொழிற்சாலையைக் கொடுக்கும் திட்டம். இதைக் கிண்டல் செய்கிறவர்கள், மாதக் கடைசியில் அரிசிக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். நான் கிண்டல் செய்யவில்லை.

என் கேள்வி வேறு. மனு போடும்போது வருமானச் சான்று கேட்கிறீர்கள். வயது 20-லிருந்து 40-க்குள் என்கிறீர்கள். தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்கிறீர்கள். எல்லாம் சரி. மேடை போட்டு, மாலை போட்டு, மந்திரியோ கலெக்டரோ மெஷினின் மேல் ஒரு கையும் பயனாளியின் பக்கம் ஒரு சிரிப்புமாக போட்டோ எடுக்கிறீர்கள். அதுவும் சரி. மூன்றாவது வருஷம் அந்த மெஷினின் கொக்கி நகர்ந்துவிட்டால் அந்தம்மா யாரிடம் போவார்?

சாக்கோட்டைப் பக்கமோ கண்ணங்குடிப் பக்கமோ உள்ளே தள்ளி ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் காரைக்குடியில் இருப்பார், இல்லாவிட்டால் தேவகோட்டையில். அவரை வரவழைக்கப் போக்குவரத்துச் செலவு தனி. மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், இரும்புத் தலை மட்டுமே ஒரு பச்சைப் பிள்ளையைவிடக் கனம். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பார். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போகும். முதலில் மெஷின் மேல் ஒரு துணி போர்த்துவார்கள். பிறகு துவைத்த துணியை அதன் மேல் மடித்து வைப்பார்கள். ஆறு மாதத்தில் மெஷின் காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு துணி அலமாரி நிற்கும். உள்ளே மெஷின் இருக்கிறது என்பது வீட்டுக்காரர்களுக்கே மறந்துபோயிருக்கும். அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் அந்தம்மா இன்னும் 'பயனாளி'.

இவர்கள் வீட்டு மெஷின் நின்றால் அவர்கள் பாடு மட்டும் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை தருகிறார்களே, அதைத் தைப்பது யார் தெரியுமா? மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களின் உறுப்பினர்கள். பெரும்பாலோர் இவர்களைப் போன்ற பெண்கள்தான். வெட்டிய துணியை வாங்கிப் போய்த் தைத்துக் கொடுக்கிறார்கள். உருப்படிக் கூலி. தைத்தால்தான் காசு. பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் மெஷின் படுத்துக்கொண்டால் அந்த சீசன் வருமானம் போச்சு. வேலையைக் கொடுப்பதும் அரசாங்கம், மெஷினைக் கொடுப்பதும் அரசாங்கம். நடுவில் இருக்கும் ஐந்து ரூபாய் திருகாணிக்குத்தான் துறை இல்லை.

மத்திய அரசும் சளைக்கவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் ஒன்று. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை வவுச்சர். சந்தோஷம். இருக்கிற மெஷினைச் சரிசெய்ய எங்கே போவது? அதற்கு இந்த வவுச்சர் பதில் சொல்லாது. வாங்குவதற்குக் கதவு திறந்திருக்கிறது, பழுது பார்ப்பதற்குச் சுவர்தான். புதுசு வாங்கினால் அது சாதனை, கணக்கில் ஏறும். பழசு ஓடினால் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

ரிப்பேர் செய்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று டெல்லியில் பேச்சு எழாமல் இல்லை. 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைச் சொன்னார்கள். அதன்பிறகு 2024-ல் இன்னொரு குழு, எந்தப் பொருளை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடுவதற்கு. கவனம் செல்போன், எலக்ட்ரானிக் சாமான்கள் பக்கம் போய்விட்டது. செல்போன் நின்றால் ட்விட்டரில் கத்துகிறோம். தையல் மெஷின் நின்றுபோன பெண் எங்கே போய்க் கத்துவாள்?

இந்த இடத்தில் காந்தியை இழுக்காமல் முடியாது. இயந்திரங்களுக்கு எதிரி என்று பெயர் வாங்கியவர். 1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர், சாந்திநிகேதன் மாணவர், அவரிடம் மடக்கி மடக்கிக் கேட்டார்: எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா? இல்லை, சிங்கர் தையல் மெஷினுக்கு விதிவிலக்கு உண்டு என்றார் காந்தி. மனிதன் கண்டுபிடித்த உபயோகமான சில பொருட்களில் அது ஒன்று என்றார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று ஒரு கதையும் சொன்னார். பாவம், சிங்கரின் குடும்ப விவரம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. ஒரே சமயத்தில் பல குடும்பங்கள், இருபதுக்கும் மேலே பிள்ளைகள்! அன்பு நிறையத்தான் இருந்திருக்கிறது.

அது கிடக்கட்டும். ராமச்சந்திரன் விடவில்லை. தையல் மெஷின் வேண்டுமென்றால் அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டுமே, அதற்கென்ன சொல்கிறீர்கள்? அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் அரசுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்கவேண்டும், லாபம் அங்கே நோக்கமாக இருக்கக் கூடாது என்றார் காந்தி. அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் தன் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை 1947-ல் தொடங்கியவர். கேள்வி கேட்டவர் நம்மூருக்கே வந்து சேர்ந்தார். பதில் மட்டும் வந்து சேரவில்லை. மெஷின் தொழிற்சாலைகளை அரசுடைமை ஆக்கச் சொல்லி இப்போது நான் கேட்கவில்லை. பாபின் கேஸ் கிடைக்க வழி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"பழசைக் கட்டி அழச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நியாயம். கறுப்பு மெஷினில் நேர்த் தையல்தான் வரும். சேலைக்கு ஃபால்ஸ் அடித்து ஓரம் ஜிக்ஜாக் போட்டுக் கொடுத்தே பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு வேறு மெஷின் வேண்டும்தான். முட்டி வலிக்கிற வயதில் மிதித்து ஓட்டச் சொல்வது கொடுமை. ஒரு மோட்டாரை மாட்டிவிட்டால் பழைய மெஷினே ஓடும். வார்ப்பு உடம்பே விரிசல் விட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. புதுசு வாங்குங்கள், தப்பே இல்லை. வாங்கும்போது கடைக்காரரிடம் தையல் டிசைன் எத்தனை என்று கேட்காதீர்கள். ஊசி சாதாரணக் கடையில் கிடைக்குமா, பாபின் கேஸ் தனியாகத் தருவீர்களா, உள்ளே பல்சக்கரம் இரும்பா நைலானா, இந்த ஊரில் இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

எங்கள் ஊருக்குப் பழசின் மதிப்பு தெரியாததில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்று வந்த கதவு, தூண், எனாமல் தூக்கு, சுவர்க் கடிகாரம் எல்லாம் டூரிஸ்டுகளுக்காகக் காத்திருக்கின்றன. இங்கே வேண்டாம் என்று கழித்த தையல் மெஷினின் இரும்புக் காலைப் பெருநகரத்து காபி ஷாப்பில் கண்ணாடிப் பலகை போட்டு மேஜையாக்கி, பக்கத்தில் செடி வைத்திருக்கிறார்கள். அதன் மிதிபலகையில் காலை வைத்துக்கொண்டு கேப்புச்சினோ குடிக்கலாம். ஓடிக்கொண்டிருந்தால் அது பழசு, நிறுத்திவிட்டால் ஆன்டிக்!

கல்லுக்கட்டி அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. மகன் வெளியூரில் வேறு வேலையில் இருக்கிறான். "கத்துக்க யாரு வர்றா தம்பி? கத்துக்கிட்டவன் திருப்பூருக்குப் போயிர்றான், கம்பெனியில மாசச் சம்பளம்" என்கிறார். அவரைத் தப்பு சொல்ல முடியாது, திருப்பூர் போகிறவனையும் சொல்ல முடியாது. ஆனால், ஐ.டி.ஐ.-யில் தையல் சொல்லித் தருகிற அரசாங்கம் வீட்டு மெஷின் ரிப்பேரையும் சொல்லித் தரலாம். யாருக்கு? தையல் படிக்க வரும் அதே பெண்களுக்கு. மூன்று மாதம் போதும் என்கிறார் அண்ணன்; கை பழக இன்னொரு வருஷம். ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்க மீசை வேண்டியதில்லை.

சமூக நலத்துறைக்கு என் மனு இதுதான். அடுத்து வாங்கும் மெஷின்களுக்கு டெண்டர் விடும்போது, பத்து வருஷத்துக்கு ஸ்பேர் தருவேன் என்று கையெழுத்துப் போடாத கம்பெனியை உள்ளே விடாதீர்கள். மாதம் ஒரு நாள் ஒவ்வொரு யூனியன் ஆபீஸ் வாசலிலும் ஒரு மெக்கானிக்கை உட்கார வையுங்கள். கூலியை அரசாங்கம் கொடுக்கட்டும், தேய்ந்த பாகத்தின் விலையைப் பாதியாக்கட்டும். புதிதாகக் கொடுக்கும் மெஷின்களில் நூற்றுக்கு ஐந்தைக் குறைத்தால்கூட இந்தச் செலவைத் தாங்கும் என்பது என் பி.காம். மூளையின் கணிப்பு. தவறென்றால் நிதித்துறை தன் கணக்கை வெளியிடட்டும். முதல் முகாமுக்கு எத்தனை துணி அலமாரிகள் மெஷினாக வந்து சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் அன்றைக்கு எடுங்கள். மந்திரி கையில் மாலைக்குப் பதில் ஒரு எண்ணெய்க் குப்பி இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.